ஏர்செல்தான் தமிழ்நாட்டின் முதல் செல்போன் கம்பெனியா?

சைதைக்காரன்: "தமிழ்நாட்டுக்கு செல்போனை முதல்ல கொண்டு வந்ததே ஏர்செல்தான், அதையும் அழிச்சுட்டாங்க"ன்னு நேத்து ஒருத்தர் ஒப்பாரி வச்சிருந்தார். அழுவறது அவர் இஷ்டம். ஆனா ஏர்செல் வந்தது 1999. சென்னையில ஸ்கைசெல்லும் ஆர்பிஜியும் 1995லயே வந்தாச்சு. நாலு வருஷம் தம்பி, நாலு வருஷம்!

கோவை மைனர்: அந்த "ஒருத்தர்" நான்தானுங்க. பேரைச் சொல்லியே திட்டலாம். செல்போன் லைசென்ஸ் குடுக்க நாட்டைப் பிரிச்ச பகுதிக்குப் பேர்தான் சர்க்கிள். அப்ப சென்னை தனி சர்க்கிள், தமிழ்நாடு தனி சர்க்கிள். லைசென்ஸே வேற வேற.

சைதைக்காரன்: ஓஹோ, சென்னை தமிழ்நாட்டுலயே இல்லையா! அப்ப கோட்டை எங்க இருக்கு, பொள்ளாச்சியிலயா?

வைகைக்கரை: சர்க்கிள் கணக்கே பார்த்தாலும் எங்க மாமா கையில முதல்ல இருந்தது பிபிஎல் கம்பெனி சிம்.

கோவை மைனர்: மாமா கணக்கெல்லாம் இங்க செல்லாதுங்க.

வைகைக்கரை: மாமாவை இழுக்காதீங்க.

பழைய ரீசார்ஜ்: எப்ப பொறந்தா என்னய்யா, எப்படி செத்துச்சுன்னு பேசுங்க. தொழிலதிபர் சிவசங்கரன் ஏர்செல்லை ஆரம்பிச்சார், மலேசியாவோட மேக்சிஸ் கம்பெனி அதுல 74 சதவீத பங்கை வாங்குச்சு. 2010 அலைக்கற்றை ஏலத்துல 13 சர்க்கிள் 3ஜிக்கு மட்டும் சுமார் 6,500 கோடி. அந்தக் கடன் கழுத்துல இருக்கும்போதே 2016ல ஜியோ வந்து ரேட்டை உடைச்சுது. ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸோட சேர்ற பேச்சும் 2017 அக்டோபர்ல முறிஞ்சுது. 2018 பிப்ரவரியில திவால் மனு. அந்த மாசம் தமிழ்நாடு முழுக்க டவர் இல்லாம ஜனங்க நம்பரை மாத்த அலைஞ்சதை மறந்துட்டீங்களா?

சைதைக்காரன்: எல்லாம் சரி சார். 1995 முந்தியா, 1999 முந்தியா? 2003ல ஆர்பிஜியை வாங்கித்தான் ஏர்செல் சென்னைக்குள்ள கால் வச்சுது. "முதல்" கம்பெனி அடுத்தவன் வீட்டை வாங்கித்தான் குடி வருமா?

கோவை மைனர்: உங்க 1995ல நிமிஷத்துக்கு 16 ரூபாய்ங்க, வர்ற காலுக்கும் காசு. அதை வச்சிருந்தது போட் கிளப் பணக்கார ஆளுங்க. பால்காரர் கைக்குப் போன் வந்தது ஏர்செல்லாலதான்.

சைதைக்காரன்: இன்கமிங் இலவசமானது 2003ல, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் போட்ட விதியால. எல்லா கம்பெனிக்கும்தான். அதுக்கும் ஏர்செல்லுக்கு மாலையா? பேஜர் விவாதத்துலயும் இப்படித்தான் பேச்சை மாத்திட்டு ஓடினீங்க.

கோவை மைனர்: ஓடலைங்க, தூங்கப் போனேன். சிஎஸ்கே மஞ்சச் சட்டையில நெஞ்சு மேல யார் பேர் இருந்துச்சு? ஸ்கைசெல்லா?

பழைய ரீசார்ஜ்: ஸ்கைசெல்லை 2000லயே ஏர்டெல்காரங்களோட பார்தி கம்பெனி வாங்கிருச்சு, ஐபிஎல்லே 2008லதான்...

கோவை மைனர்: உங்களைக் கேட்கலைங்க.

வைகைக்கரை: மாமாவுக்கு போன் போட்டுக் கேட்டுட்டேன். பிபிஎல்தானாம்.

சைதைக்காரன்: 1995க்கு இன்னும் ஒருத்தரும் பதில் சொல்லல. பார்த்துக்கிட்டேதான் இருக்கேன்.