கலைச்சொல்: சைபோர்க் = பொறியுடலி? டெத்லாக்கை வைத்து ஒரு சோதனை

நண்பர்களுக்கு வணக்கம்.

பாதி உடலும் பாதி இயந்திரமுமான ‘சைபோர்க்’குக்குத் தமிழில் என்ன சொல் என்று தேடும் இந்த இழையில் இதுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன: இயந்திர மனிதன், தன்னாளுயிரி, பொறியுயிரி. மூன்றையும் வேர்ச்சொல்லை வைத்தே அலசிக்கொண்டிருக்கிறோம். ஒரு சொல் நிற்குமா என்பது அதை வைத்து ஒரு கதையைச் சொல்லிப் பார்த்தால்தான் தெரியும். நான் எடுத்துக்கொள்வது அமெரிக்காவின் மார்வெல் காமிக்ஸில் வரும் டெத்லாக் என்ற சைபோர்க் பாத்திரம்.

சைபோர்க் என்ற சொல்லை 1960இல் மான்ஃபிரெட் கிளைன்ஸும் நேதன் கிளைனும் உருவாக்கினார்கள். விண்வெளிக்குப் போகும் மனிதனுக்காகச் சூழலை மாற்றுவதைவிட அவன் உடலையே மாற்றிவிடலாம் என்பது அவர்கள் யோசனை. உடல் தன்னைத் தானே சீராக்கிக்கொள்ளும் என்ற பொருளில் பார்த்தால் ‘தன்னாளுயிரி’ சரிதான். ஆனால் 1974இல் ரிச் பக்லரும் டக் மென்ச்சும் ‘அஸ்டானிஷிங் டேல்ஸ்’ 25ஆம் இதழில் டெத்லாக்கைக் கொண்டுவந்தபோது அந்த யோசனை தலைகீழாகிவிட்டது.

லூதர் மானிங் ஒரு ராணுவ அதிகாரி, இறந்துபோனவர். அவருடைய சடலத்தை எடுத்து, மூளையோடு ஒரு கணினியை இணைத்து, கொல்வதற்கென்றே ஓர் ஆயுதமாக எழுப்புகிறார்கள். கதை நடப்பது அன்றைக்கு எதிர்காலமாக இருந்த 1990இல், சிதைந்துபோன அமெரிக்காவில். முகத்தில் ஒரு பாதி உலோகம், நடுவே சிவப்புக் கண். மறுபாதி செத்துப்போன சாம்பல் நிறச் சதை. அவர் தலைக்குள் எந்நேரமும் இரண்டு குரல்கள். மானிங் கோபத்தில் கொந்தளிக்க, கணினி உணர்ச்சியே இல்லாமல் நிலவரத்தைக் கணக்கிட்டுச் சொல்லும். தன் உடலை யார் ஆள்வது என்பதே அவருக்கு அன்றாடச் சண்டை. அப்படிப்பட்டவரைத் ‘தன்னாளுயிரி’ என்று எப்படி அழைப்பது? ‘உயிரி’ என்று முடியும் எந்தச் சொல்லும் ஒரு சடலத்தின் மேல் ஒட்டாது. பொறியுயிரியை நான் ஏற்காததற்குக் காரணம் இதுதான். ‘இயந்திர மனிதன்’ ஏற்கெனவே ரோபோவுக்குப் போய்விட்டது, அதை விட்டுவிடலாம்.

மானிங்கின் தொடர் 1976இல் 36ஆம் இதழோடு நின்றது. பிறகு 1990இல் டுவைன் மெக்டஃபியும் கிரெகரி ரைட்டும் அதே பெயரில் வேறொரு மனிதரை எழுதினார்கள். மைக்கேல் காலின்ஸ் கறுப்பினத்தவர், கணினி நிரலாளர், வன்முறையை அடியோடு வெறுப்பவர். ஊனமுற்றோருக்குச் செயற்கை உறுப்புகள் செய்கிறோம் என்று நம்பி வேலை செய்தவர், உண்மை தெரிந்து கேள்வி கேட்டதும் அவர் மூளையையே எடுத்து அந்தக் கொலைக்கருவிக்குள் வைத்துவிடுகிறார்கள். விழித்தெழுந்ததும் காலின்ஸ் கணினிக்கு ஒரு கட்டளை இடுகிறார்: யாரையும் கொல்லாத வழியை மட்டும் கணக்கிடு. அதற்கப்புறம் வரும் எல்லாச் சண்டையும் அந்த வரம்புக்குள்தான். மானிங்கைவிட எனக்குப் பிடித்தவர் காலின்ஸ். சூப்பர் ஹீரோ காமிக்ஸில் இவ்வளவு நிதானமாக யோசிக்கிற பாத்திரங்கள் குறைவு.

1991இல் தொடங்கிய அவருடைய தொடரில் அமெரிக்கக் கறுப்பினச் சிந்தனையாளர் டு பாய்ஸின் ‘தி சோல்ஸ் ஆஃப் பிளாக் ஃபோக்’ என்ற 1903ஆம் ஆண்டு நூல் தலைப்பை ஒட்டி ‘தி சோல்ஸ் ஆஃப் சைபர்ஃபோக்’ என்று ஒரு கதை உண்டு. ஒரே உடலில் இரு தன்மைகளோடு வாழ்வது பற்றிக் கறுப்பினத்தவர் சொன்னதை மெக்டஃபி இங்கே சைபோர்க்குகளுக்கும் பொருத்திப் பார்க்கிறார். ஒரு கை மட்டும் இயந்திரமான மிஸ்டி நைட்டும் அதில் வருகிறார். ஆக நம் சொல் ஒரு கை மாறியவரையும் தாங்கவேண்டும், மூளை மட்டும் மிஞ்சியவரையும் தாங்கவேண்டும். ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவாக இருக்கவேண்டும்.

எனவே என் பரிந்துரை: பொறியுடலி. மெல்லுடலி, குழியுடலி என்று பள்ளி விலங்கியலில் படித்த அதே அமைப்பு. பொறி என்றால் இயந்திரம்; ஐம்பொறி என்னும்போது கண்ணும் காதும்கூட. இரண்டுமே இங்கே பொருந்துகின்றன. விலங்கின வகை போல ஒலிக்கிறது என்று யாராவது சொல்லக்கூடும். வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள்: “காலின்ஸ் ஒரு பொறியுடலி.” உறுத்தவில்லை. மெக்டஃபியின் தலைப்பும் ‘பொறியுடலிகளின் ஆன்மா’ என்று எளிதாக வந்துவிடுகிறது.

நம்மிடம் முன்னுதாரணமும் இருக்கிறது. 1962இல் பிரிட்டனின் ‘வேலியன்ட்’ இதழில் வந்த ‘ஸ்டீல் க்ளா’ 1972இல் முத்து காமிக்ஸில் ‘இரும்புக்கை மாயாவி’ ஆனது. வெட்டிய கைக்குப் பதில் இரும்புக்கை, மின்சாரம் பாய்ந்தால் கை தவிர மற்றதெல்லாம் மறைந்துபோகும், தொடக்கத்தில் குற்றவாளி, பிறகு நல்லவர் பக்கம். அந்தப் பெயரை ஒலிபெயர்க்காமல் தமிழாக்கியதால்தான் ஒரு தலைமுறைக்கே அது சொந்தப் பெயரானது.

இதோடு சேர்த்து இன்னொன்று. இவர்களையெல்லாம் ‘எதிர்நாயகன்’ என்று எழுதினால், சினிமாப் பழக்கத்தில் வாசகர் வில்லன் என்றே எடுத்துக்கொள்வார். மானிங் வில்லன் இல்லை. நாயகனுக்குரிய இடத்தில் நிற்கிற, நாயகனுக்குரிய குணங்கள் இல்லாத ஆள். அதற்கு ‘முரண்நாயகன்’ என்று வைக்கலாம்.

ஒன்று மட்டும் எனக்கு இன்னும் அமையவில்லை. மானிங் தன் கணினியைச் சுருக்கிப் ‘ப்யூட்டர்’ என்று கூப்பிடுவார், பாதி எரிச்சல், பாதி உரிமை. ‘கணி’ என்று வைத்தால் பழந்தமிழில் நாள் கணிப்பவர் என்ற பொருளும் கூடவே வரும். அது பலமா, இடைஞ்சலா? உங்கள் கருத்தை எழுதுங்கள்.