நாளைக்கு ரேஸ், யாரும் ஹெல்ப் பண்ணாதீங்க ப்ளீஸ்

(சனி, ராத்திரி. எங்க குடும்ப குரூப். மாமான்னா அக்கா புருஷன்)

அக்கா: நாளைக்கு வர்றவங்க இத ஒரு தடவ பொறுமையா படிங்க. ரேஸ் ஆரம்பிச்சதுக்கு அப்புறம் என் கைல எதையும் குடுக்கக் கூடாது, தண்ணி பாட்டில், துண்டு, ஒண்ணுமே கூடாது. வெளியாள் உதவின்னு பெனால்ட்டி போடுவாங்க, இல்ல மொத்தமா தூக்கிருவாங்க. அவங்க வெச்சிருக்கற டேபிள்ல இருந்து மட்டும்தான் எடுக்கலாம். கூடவே ஓடி வர்றதும் கூடாது. தம்பி இது உனக்குத்தான்

தம்பி: வீடியோ எடுக்க ஓடுனா?

அக்கா: கூட ஓடி வேகம் குடுக்கறேன்னு, அதான் பேசிங் (pacing), அப்படின்னு எழுதிருவாங்கடா. நின்ன எடத்துல நின்னு எடு

அம்மா: அப்பாகிட்ட ஃபிளாஸ்க்ல சுடுதண்ணி குடுத்து விடறேன் அதக்கூட குடிக்கக் கூடாதா, என்ன போட்டியோ இது

அக்கா: முடிச்சதுக்கு அப்புறம் பூரா ஃபிளாஸ்க்கையும் குடிக்கறேன் மா

சித்தி: ஆமா எவ்ளோ தூரம் இது

மாமா: 1.5 கிமீ நீச்சல், அப்புறம் மவுண்டன் பைக் 30, கடைசில காட்டுப் பாதையில 10 கிமீ ஓட்டம். ரோட்டுல நடக்கற ட்ரையத்லான் மாதிரி இல்ல சின்னத்தை, இதுல வேர், கல்லு, சேறு எல்லாம் இருக்கும், சில ஏத்தத்துல சைக்கிள தள்ளிட்டுதான் போகணும்

சித்தி: காசு கட்டி இதப் பண்றாங்களா

தம்பி: 1996ல ஹவாயில மாவி தீவுல எக்ஸ்டெராங்கற இந்த மாதிரி காட்டு ட்ரையத்லான் ஆரம்பிச்சதுல இருந்து பண்றாங்க சித்தி

அப்பா: தண்ணி எத்தன டிகிரி

மாமா: இன்னிக்கு 15 சொன்னாங்க மாமா. வெட்சூட், அதான் குளிருக்குப் போடற அந்த ரப்பர் நீச்சல் டிரஸ், கட்டாயம். உலக ட்ரையத்லான் அமைப்போட ரூல்ல 15.9க்கு கீழ போனாலே கட்டாயம்தான்

அம்மா: 15 டிகிரில என் பொண்ணு எறங்கணுமா

அக்கா: மா பயப்படாத. சீசன் தொடக்கத்துல தண்ணி இப்படித்தான் இருக்கும், வெயில் ஏறி இன்னும் சூடாகல அவ்ளோதான். மொத ஒண்ணு ரெண்டு நிமிஷம்தான் பிரச்சன, ஜில்லுனு பட்ட உடனே மூச்சு தன்னால இழுக்கும், நம்ம கண்ட்ரோல்லயே இருக்காது, அப்ப வேகமா நீந்தணும்னு நெனச்சா பதறிப் போயிரும். அதனால ஸ்டார்ட்டுக்கு முன்னாடியே எறங்கி மூஞ்சி கழுத்தெல்லாம் நனைச்சு மூச்சு அடங்கற வரைக்கும் சும்மா மெதக்கப் போறேன், அப்புறம் கூட்டத்துக்குள்ள போகாம ஓரமா. வெட்சூட் வேற மெதக்க வைக்கும்

அப்பா: டயர்ல காத்த ரோட்டுக்கு அடிக்கற மாதிரி டைட்டா வெச்சுராத. சேத்துல பிடி இருக்காது

அக்கா: கொறச்சுட்டேன் பா

அம்மா: சீக்கிரம் படு

(ஞாயிறு)

மாமா: எறங்கிட்டா. எல்லாரும் கருப்பா ஒரே மாதிரி இருக்காங்க, தொப்பி கலர வெச்சுதான் தேடிட்டு இருக்கோம்

சித்தி: பாப்பா என்ன பண்றா

மாமா: மணி ஆட்டிட்டே இருக்கா. யாரு போனாலும் ஆட்டறா

அம்மா: வந்துட்டாளா

அம்மா: யாராச்சும் சொல்லுங்களேன்

மாமா: வந்துட்டா அத்தை. கரையில எந்திரிச்சதும் கொஞ்சம் தள்ளாடுனா, படுத்தே நீந்திட்டு சட்டுனு எந்திரிச்சா தல சுத்துமாம், நெறைய பேருக்கு அப்படித்தான். இப்ப ட்ரான்சிஷன்ல, அதான் நீச்சல்ல இருந்து சைக்கிளுக்கு மாறற எடத்துல இருக்கா. ஹெல்மெட் பக்கிள் போட முடியாம நிக்கறா, வெரல் மரத்துப் போச்சு போல

அம்மா: போட்டு விடுங்க மாப்பிள்ளை!!

மாமா: வேலிக்கு இந்தப் பக்கம் நிக்கறேன் அத்தை, உள்ள விட மாட்டாங்க. பக்கிள் மாட்டாம சைக்கிள ஸ்டாண்டுல இருந்து எடுத்தாலும் தப்பு. மாட்டிட்டா மாட்டிட்டா. கெளம்பிட்டா

தம்பி: நானும் அப்பாவும் மேல திருப்பத்துல நிக்கறோம், இதே எடத்த ரெண்டு சுத்துலயும் பாக்கலாம். சேறுன்னா சேறு, வர்றவங்க மொகமே தெரியல பல்லு மட்டும் தெரியுது

தம்பி: மொத சுத்து தாண்டிருச்சு. நல்லா போகுது

சித்தி: சூப்பர். எத்தனாவது?

தம்பி: அதெல்லாம் கேக்காதீங்க சித்தி

மாமா: நானும் மேல வந்துட்டேன்

தம்பி: ஐயோ பஞ்சர். எங்க கண்ணு முன்னாடியே. கல்லுல டயர் ஓரம் கிழிஞ்சு ஓட்டைய அடைக்க டயருக்குள்ள ஊத்தி வெச்சிருக்கற சீலன்ட் வெள்ளையா சீறி அக்கா கால்லாம் தெறிச்சுருச்சு, எறங்கி க்ளவுஸ பல்லுல கடிச்சு இழுத்துக் கழட்டிட்டு அந்த ரப்பர் ப்ளக்க ஓட்டைல குத்தப் பாக்குது, வெரல் வேல செய்யல, ஒண்ணு சேத்துல விழுந்துருச்சு, அடுத்தத தொடையில தொடச்சுத் தொடச்சு குத்துது, மாமா ரெண்டு எட்டுல நிக்கறாரு கைய பின்னாடி கட்டிகிட்டு, பாக்கவே பாவமா இருக்கு

அம்மா: யாரு பாக்கப் போறா போய்ப் பிடிச்சு விடச் சொல்லு

தம்பி: அப்பாவும் அதேதான் சொன்னாரு. மாமா அசையல

அப்பா: நான் சொல்லல. காத்து கொறஞ்சா பின் சக்கரம் தட்டும்னு சொன்னேன்

சித்தி: அத்தான் நேத்து நீங்கதான காத்தக் கொறைக்கச் சொன்னீங்க

தம்பி: 😂😂

தம்பி: ப்ளக் நின்னுருச்சு. காத்தடிக்கற குட்டி கார்ட்ரிட்ஜ் பாதிலயே தீந்துருச்சு. பின்னாடி வந்த இன்னொரு போட்டியாளர் அவங்களே நிறுத்தி பம்ப் குடுத்தாங்க!!

சித்தி: அது மட்டும் செல்லுமா

மாமா: செல்லும். போட்டியில இருக்கறவங்க ஒருத்தருக்கொருத்தர் பம்ப், ட்யூப், சாப்பாடு, தண்ணி குடுத்துக்கலாம். சக்கரம், ஹெல்மெட், ஷூ, முழு சைக்கிள் இதெல்லாம் கூடாது. புருஷன் மட்டும் எதுவும் குடுக்கக் கூடாது

அம்மா: அந்தப் பொண்ணு நல்லா இருக்கணும்

மாமா: ஓட ஆரம்பிச்சுட்டா. சைக்கிள்ல இருந்து எறங்குன காலு கட்ட மாதிரி இருக்கும், மொத ஏத்தம் நடந்துதான் போறா. பரவால்ல நெறைய பேர் நடக்கறாங்க. பாப்பாவ பாத்துட்டு கைய ஆட்டுனா

அம்மா: இன்னும் எவ்ளோ நேரம்

மாமா: ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும் அத்தை, போய் வேலையப் பாருங்க

அம்மா: இதான் வேல

தம்பி: முடிச்சுட்டாஆஆஆ

சித்தி: 👏👏👏 கண்ணு!!

அம்மா: ஈரத்துணிய மொதல்ல மாத்தச் சொல்லுங்க. ஃபிளாஸ்க் எங்க

அப்பா: குடுத்தாச்சு. ரெண்டு கையாலயும் பிடிச்சுட்டு இருக்கா, குடிக்கல, சூடு பிடிக்கறா

மாமா: ஓட்டம் நின்ன உடனே நடுங்க ஆரம்பிச்சுட்டா, நனைஞ்ச துணியோட நின்னா உடம்பு சட்டுனு ஆறிரும். துணி மாத்தி ஜாக்கெட் போட்டு விட்டாச்சு. ஜிப் இழுத்து விட்டேன் அத்தை, இப்ப ரூல் இல்ல

அக்கா: உயிரோட இருக்கேன் மா. தண்ணி சூப்பரா இருந்துச்சு. பஞ்சர் ஆன எடத்துல உங்க மாப்பிள்ளை நின்ன நிப்புதான் எனக்கு சிரிப்பு வந்துருச்சு, பாத்தா அழுவார் போல இருந்துச்சு அதனால பாக்கவே இல்ல

அம்மா: சரி போன கீழ வெச்சுட்டு உக்காரு. சைக்கிள அவரு எடுத்துட்டு வருவாரு

மாமா: கேட்டேன் அத்தை. கைப்பட்டை நம்பரும் சைக்கிள் நம்பரும் ஒண்ணா இருந்தாதான் வெளிய விடுவாங்களாம், அவளேதான் போய் எடுக்கணும்

அம்மா: இப்பவுமா!!

அக்கா: சைக்கிள் கழுவறதுக்கு மட்டும் எந்த ரூலும் இல்ல. தம்பி வாடா