ரேடார் டிடெக்டர் தூரச் சோதனை: ஓட்டத்துக்கு ஓட்டம் அளவு மாறுகிறது, உதவுங்கள்

நேர்சாலை:
வணக்கம். என்னிடம் இரண்டு ரேடார் டிடெக்டர்கள் (முன்னால் வேகம் அளக்கும் ரேடார் இருந்தால் ஓட்டுநரை எச்சரிக்கும் கருவிகள்) இருக்கின்றன. எது அதிகத் தூரத்திலேயே எச்சரிக்கிறது என்று பார்க்க, ஆள் நடமாட்டம் இல்லாத நேரான சாலையில் சோதித்தேன். நண்பர், வண்டியின் வேகத்தை அளக்கும் கே பேண்ட் (சுமார் 24 கிகாஹெர்ட்ஸ்) ரேடார் கன்னைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு முனையில் நின்றார். இரண்டு டிடெக்டரையும் டேஷ்போர்டில் பக்கத்துப் பக்கத்தில் வைத்து ஓட்டி வந்தேன். முதலாவது, ஒரு ஓட்டத்தில் 2.1 கிலோமீட்டரில் கத்தியது, அடுத்ததில் 900 மீட்டரில், அதற்கடுத்து 1.6 கிலோமீட்டரில். இரண்டாவது, கன்னை அழுத்தாதபோதும் கத்துகிறது. பழுதாகிவிட்டதா?

அலைவரிசை:
பழுது என்று இப்போதே முடிவுகட்ட வேண்டாம். டிடெக்டருக்குள்ளேயே ஒரு ஆஸிலேட்டர் (ரேடியோ அலை உண்டாக்கும் சுற்று) ஓடுகிறது. அதன் அலை கொஞ்சம் வெளியே கசியும். பக்கத்தில் இருக்கும் டிடெக்டர் அதைப் பிடித்துக்கொண்டு கத்தும், கத்தாவிட்டாலும் அதன் கேட்கும் திறன் கெடலாம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் சோதியுங்கள். மற்றதை ம்யூட் செய்தால் போதாது, மின்சாரத்தையே துண்டிக்க வேண்டும்.

பழைய மெக்கானிக்:
கன்னைக் கையில் பிடித்ததும் தப்பு. கே பேண்ட் கன்னின் கற்றை சுமார் 12 டிகிரி அகலம். மணிக்கட்டு சில டிகிரி திரும்பினாலே கற்றையின் நடுப்பகுதி உங்கள் காரை விட்டு விலகிவிடும். முக்காலியில் பொருத்தி, ஓட்டம் முழுக்க அழுத்தியே வைக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று. 24.125 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 12 மில்லிமீட்டர்தான். நேராக வரும் அலையும் சாலையில் பட்டுத் திரும்பும் அலையும் ஓரிடத்தில் கூடும், இன்னோரிடத்தில் ஒன்றையொன்று அழிக்கும். அதனால் முதல் பீப் எங்கே வந்தது என்பதை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்ல முடியாது. ஐந்து முறை ஓட்டி, அளவுகளை வரிசைப்படுத்தி நடுவில் வரும் அளவை எடுங்கள். பீப் வந்து அறுந்துபோன இடங்களையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், முன்கண்ணாடி எந்த வகை?

நேர்சாலை:
வெயில் சூட்டைத் தடுக்கும் பூச்சு உள்ள கண்ணாடி. அதனால் என்ன?

அலைவரிசை:
உலோகப் பூச்சாக இருந்தால் அதனால்தான் பாதிப் பிரச்சினை. ரேடார் அலையின் பெரும்பகுதியை அது தடுத்துவிடும். சிக்னல் 6 டெசிபல் குறைந்தால், அதாவது அதன் சக்தி கால் பங்கானால், எட்டும் தூரம் பாதியாகும். காருக்குள் இருக்கும் பின்பக்கம் பார்க்கும் கண்ணாடிக்குப் பக்கத்தில், சிறு கறுப்புப் புள்ளிகள் நிறைந்த பகுதியைத் தேடுங்கள். பல கார்களில் அங்கே பூச்சு இல்லாமல் ஒரு துண்டு விட்டிருப்பார்கள். டிடெக்டரை அந்த இடத்துக்கு நேராக, லெவலாக வையுங்கள். வைப்பர் தடுக்கக் கூடாது.

நேர்சாலை:
சொன்னபடியே செய்தேன். முக்காலி, ஒவ்வொன்றாக, புள்ளிப் பகுதிக்குப் பின்னால். முதல் டிடெக்டர் ஐந்து ஓட்டத்திலும் 1.9க்கும் 2.2 கிலோமீட்டருக்கும் இடையில் நின்றது. இரண்டாவதும் ஏறக்குறைய அதே அளவுதான். தானாகக் கத்துவதும் நின்றுவிட்டது. ரொம்ப நன்றி! ஆனால் எது சிறந்தது என்று இன்னும் தெரியவில்லையே?

பழைய மெக்கானிக்:
நேர்ச் சாலையில் நல்ல டிடெக்டர்கள் எல்லாமே ஒன்றுபோலத்தான் தெரியும். கன்னை ஒரு வளைவுக்கு அப்பால், நேரே தெரியாத இடத்தில் வையுங்கள். மரம், தடுப்புச்சுவர் எதிலாவது பட்டுச் சிதறி வரும் மெல்லிய அலையை எது முதலில் பிடிக்கிறதோ அதுதான் கூர்மையானது. கே பேண்ட் ஃபில்டர் இரண்டிலும் ஒரே நிலையில் இருக்கட்டும். பக்கத்துக் கார்களின் பிளைண்ட் ஸ்பாட் சென்சாரும் (ஓட்டுநர் கண்ணில் படாத வண்டியைக் காட்டுவது) பல நேரம் கே பேண்டிலேயே அலை விடும். அதை ஒதுக்குவதற்காக ஃபில்டர் எச்சரிக்கையைக் கொஞ்சம் தாமதிக்கும். மணிக்கு 100 கிலோமீட்டரில் ஒரு விநாடி என்பது 28 மீட்டர். நேர்ச் சாலையில் அது பெரிதில்லை, வளைவில் பெரிது.

உங்கள் பகுதியில் டிடெக்டருக்கும் கன்னுக்கும் சட்டத்தில் அனுமதி உண்டா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நேர்சாலை:
அதைப் பார்த்துவிட்டுத்தான் தொடங்கினேன், இங்கே அனுமதி உண்டு. வளைவிலும் ஐந்து ஐந்து முறை ஓட்டிவிட்டேன். நடு அளவு, முதலாவது 620 மீட்டர், இரண்டாவது 410. முதலாவதையே பொருத்திவிட்டேன்.