காசு கேட்காத கூகல் எஸ்டிகே: திறந்த மூலச் செயலியில் சேர்க்கலாமா?

ஈசூன்_பயணி:
தமிழில் பஸ் வருகை நேரம் காட்டும் ஆண்ட்ராய்டு செயலி, ஜிபிஎல் 3 உரிமம் (நிரலைத் திறந்தே வைக்கச் சொல்லும் திறந்த மூல உரிமம்). தரவு சிங்கப்பூர் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் பொதுத் தரவுச் சேவையான டேட்டாமாலிலிருந்து. வரைபடத்துக்குக் கூகல் மேப்ஸ் எஸ்டிகே (செயலிக்குள் சேர்க்கும் ஆயத்த நிரல் தொகுப்பு), அறிவிப்புக்குக் கூகலின் ஃபயர்பேஸ். மூடிய நிரல் கலந்திருப்பதால், திறந்த மூலச் செயலிகளுக்கான கடையான எஃப்-டிராய்டு இதை ஏற்காதாம். காசு கேட்காத வரை என்ன சிக்கல்?

கர்னல்பித்தன்:
லினக்ஸ் கர்னல் குழுவும் 2002இல் நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் மூடிய கருவியான பிட்கீப்பரை இப்படித்தான் இலவசமாக எடுத்துக்கொண்டது. 2005 ஏப்ரலில் அந்தச் சலுகை நின்றது. அந்த நெருக்கடியில் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதிய மாற்றுக் கருவிதான் கிட். உங்கள் குழுவில் லினஸ் யாராவது இருக்கிறாரா? வரைபட நிரலகமான மேப்பாக்ஸ் ஜிஎல் ஜேஎஸ் 2020 டிசம்பரில் மூடிய உரிமத்துக்குப் போனபோது, பழைய பதிப்பு பிஎஸ்டி என்ற திறந்த உரிமத்தில் இருந்ததால் அதிலிருந்து மேப்லிப்ரே தனித் திட்டமாகக் கிளைத்தது. கூகல் எஸ்டிகேயில் கிளைக்க மூலநிரலே கையில் இல்லை.

இரண்டு_பில்டு:
கூகலை முழுக்கத் தூக்க வேண்டாம். செயலியைக் கட்டும் கருவியான கிரேடிலில் ‘ஃபாஸ்’ (திறந்த நிரல் மட்டும்), ‘ப்ளே’ (கூகல் ப்ளே கடைக்கு) என ஒரே செயலிக்கு இரண்டு ஃப்ளேவர் வையுங்கள். இரண்டுக்கும் பொதுவான மெயின் கோப்புறையில் வரைபடத்துக்கான இன்டர்ஃபேஸ் (என்னென்ன செய்ய வேண்டும் என்ற வரையறை) மட்டும். கூகல் நிரல் ப்ளே கோப்புறையில், மேப்லிப்ரே ஃபாஸ் கோப்புறையில். எல்லாரும் ப்ளே பில்டையே ஓட்டிப் பார்ப்பதால் மெயினில் ஒரு கூகல் இம்போர்ட் நுழைந்தாலும் யார் கண்ணிலும் படாது. அதனால் ஒவ்வொரு புல் ரிக்வெஸ்ட்டிலும் (நிரல் மாற்றத்தைச் சேர்க்கக் கேட்கும் கோரிக்கை) ஃபாஸ் பில்டையும் ஓட்டுங்கள். ஃபயர்பேஸுக்கான கூகல் சர்வீசஸ் பிளகினை இரண்டு ஃப்ளேவருக்கும் பொதுவாகப் போட்டால், அதற்கான அமைப்பு விவரம் உள்ள ஜேசன் கோப்பு இல்லை என்று ஃபாஸ் பில்டு நின்றுவிடும்.

ஃபயர்பேஸ் எதற்கு என்றுதான் புரியவில்லை. வருகைத் தரவு 20 விநாடிக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது. செயலி திறந்திருக்கும்போது நேரடியாகக் கேட்டுக்கொண்டால் போதும்.

ஈசூன்_பயணி:
டேட்டாமாலும் திறந்த மூலம் இல்லையே?

தோபாயோ_வாசகர்:
அது வெளியே இருக்கும் சேவை, உங்கள் ஏபிகேக்குள் (செயலியின் நிறுவல் கோப்பு) கலக்கவில்லை. எஃப்-டிராய்டு அதற்கு ஓர் எச்சரிக்கைக் குறிப்பு போடலாம், அவ்வளவுதான். டேட்டாமால் தரும் அணுகல் சாவியை மட்டும் எல்லாரும் பார்க்கும் நிரல் களஞ்சியத்தில் ஏற்றிவிடாதீர்கள். அதன் பஸ் நிறுத்தப் பட்டியல் ஓர் அழைப்புக்கு 500 நிறுத்தங்கள்தான் தரும். எத்தனை நிறுத்தங்களைத் தாண்டித் தர வேண்டும் என்று சொல்லும் ஸ்கிப் மதிப்பைக் கூட்டிக்கொண்டே போகாவிட்டால், எண் 01இல் தொடங்கும் நகர மைய நிறுத்தங்கள் வரும், 59இல் தொடங்கும் ஈசூன் வராது.

மூடிய கூகல் நிரலோடு சேர்வதால், ப்ளே பதிப்புக்கு ஜிபிஎல் 3இன் 7ஆம் பிரிவுப்படி கூடுதல் அனுமதி எழுதிச் சேர்க்க வேண்டும். நிரல் தந்த ஒவ்வொருவரும் அதற்குச் சம்மதிக்க வேண்டும் என்பதால், இன்னும் நாலு பேர் சேர்வதற்குள் முடித்துவிடுங்கள்.