அஸ்டெகா மைதானத்துக்கு முதல் தடவை போகிறவர்களுக்கு

மெக்சிகோ சிட்டிக்கு வேலை மாறி வருகிற நம் ஆட்களில் பலர், பெட்டியைப் பிரிப்பதற்குள் அஸ்டெகாவில் ஒரு கால்பந்து ஆட்டம் பார்க்கக் கிளம்பிவிடுகிறார்கள். கட்டாயம் போங்கள். ஆனால் ஊருக்கு வந்து இரண்டு வாரமாவது ஆகட்டும். இந்த நகரம் சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, கிட்டத்தட்ட நம் ஊட்டி. ஊட்டிக் குளிர் இல்லாததால் உயரம் நமக்கு உறைப்பதில்லை. நாங்கள் வந்த நான்காம் நாளே போனோம். மேல் அடுக்குக்கு ஏறுகையில் என் மனைவிக்கு மூச்சு வாங்கி, பாதிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். தலைவலி இரவு வரை விடவில்லை. மேல் அடுக்கில்தான் டிக்கெட் கிடைத்தது என்றால் நின்று நின்று ஏறுங்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள்.

பெயர் குழப்பும். 2025-இல் ஒரு வங்கியின் பெயரைச் சேர்த்து எஸ்டாடியோ பனோர்டே என்று மாற்றினார்கள். 2026 உலகக் கோப்பைக்கு ஃபிஃபா வைத்த பெயர் மெக்சிகோ சிட்டி ஸ்டேடியம். டிக்கெட்டில் எது இருந்தாலும் இடம் ஒன்றுதான். டாக்சிக்காரரிடம் அஸ்டெகா என்றால் போதும்.

1966-இல் திறந்த இந்த மைதானத்தில் 1970, 1986 உலகக் கோப்பை இறுதி ஆட்டங்களை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் பார்த்தார்கள். பிறகு இருக்கைகளைக் குறைத்து சுமார் 87,000 ஆக்கினார்கள். அதுவே எவ்வளவு பெரிய கூட்டம் என்பது ஆட்டம் முடிந்து வெளியே வரும்போதுதான் புரியும். மெட்ரோ 2-ஆம் தடத்தில் கடைசி நிலையமான தஸ்கேன்யாவில் இறங்கி, சோச்சிமில்கோ பக்கம் போகும் இலகு ரயிலைப் பிடித்தால் மைதான வாசலிலேயே விடும். போகும்போது இதைவிட நல்ல வழி இல்லை. திரும்பும்போது அவசரப்படாதீர்கள், குழந்தைகள் கூட இருந்தால் ரொம்பவே. விசில் ஊதியதும் எழாமல் இருபது நிமிடம் இருக்கையிலேயே இருங்கள். அப்புறம் த்லால்பான் சாலையில் கொஞ்ச தூரம் நடந்து கார் பிடியுங்கள். வாசலிலேயே அழைத்தால் வண்டி நெரிசலுக்குள் வந்து சேராது.

கையில் எதுவும் இல்லாமல் போவதே நல்லது. முதுகுப்பை, குடை, தண்ணீர் பாட்டில் எல்லாம் வாசலில் பிரச்சினை. இந்த ஊர் மைதானங்களில் இடுப்பு பெல்ட்டைக்கூடக் கழற்றச் சொல்வார்கள், அதனால் பெல்ட் தேவைப்படாத பேன்ட் போடுங்கள். மே முதல் அக்டோபர் வரை மாலையில் மழை கொட்டும். கூரை இருந்தாலும் கீழ் வரிசைகள் நனையும், மடித்து வைக்கிற மழைக்கோட்டு பாக்கெட்டில் இருக்கட்டும்.

2022 மார்ச்சில் கெரெதாரோ நகர மைதானத்தில் ரசிகர்களுக்குள் பெரிய அடிதடி நடந்தது. அதன் பிறகு லீக் ஆட்டங்களுக்கு முகப்பதிவோடு கூடிய ஃபேன் ஐடி வந்தது. டிக்கெட் வாங்கும்போதே அந்த ஆட்டத்துக்கு என்ன பதிவு கேட்கிறார்கள் என்று பார்த்து, பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வீட்டிலேயே முடித்துவிடுங்கள். 'அமெரிக்கா' என்ற மெக்சிகோ சிட்டி கிளப்புக்கு இது சொந்த மைதானம், நிறம் மஞ்சள். சீவாஸ் அணியோடு ஆட்டம் என்றால் அவர்களுடைய சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட சட்டையோடு மஞ்சள் கூட்டத்துக்கு நடுவே உட்காராதீர்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு வெளியே எஸ்கித்தே கிடைக்கும், எலுமிச்சையும் மிளகாய்ப்பொடியும் போட்ட சோளம். முட்டை வேண்டாம் என்றால் "சின் மயோனெசா" (மயோனைஸ் இல்லாமல்) என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.