மாம்பலம் குடும்பக் குழு: சரோஜா அத்தையின் மாத்திரை

ரமணி சித்தப்பா: நியூயார்க்கில் எலிகளுக்கு மனச்சோர்வு மாத்திரை கொடுத்துப் பார்த்ததில் பலனே இல்லையாம். அக்கா, பத்து நாளாக விழுங்கும் அந்த ஃப்ளுவாக்ஸெடினை நிறுத்திவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பிற்குத் தெம்பாக வந்து சேருங்கள்.

சரோஜா அத்தை: எனக்கும் வயிற்றுப் புரட்டல்தான் மிச்சம், ரமணி.

வித்யா: சித்தப்பா, உங்களுக்கு வந்த செய்தியில் பாதியைக் காணோம். அது 2003இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ரெனே ஹென் குழுவினர் செய்த சோதனை. பசித்த சுண்டெலியை வெளிச்சமான புதிய பெட்டிக்குள் விட்டு, நடுவில் வைத்த உணவை எவ்வளவு நேரம் தயங்கியபின் கடிக்கிறது என்று அளந்தார்கள். சாதாரண எலிகளிடம் ஃப்ளுவாக்ஸெடின் 5 நாளில் எதையும் மாற்றவில்லை. 28 நாள் கொடுத்தபின் தயக்கம் குறைந்தது. செரோடோனின் என்பது நரம்பணுக்களிடையே செய்தி கடத்தும் வேதிப்பொருள்; அதை உணரும் 1ஏ ஏற்பி இல்லாமல் பிறக்கச் செய்த எலிகளிடம் அந்த மருந்து பலிக்கவில்லை. அவற்றிடமும் இமிப்ரமின் என்ற பழைய மருந்து வேலை செய்தது.

கார்த்திக்: 28 நாள் எதற்கு?

வித்யா: மூளைத்தண்டில் ராஃபே என்ற பகுதியின் நரம்பணுக்கள் செரோடோனினைச் சுரக்கின்றன. அவற்றின் மீதே இருக்கும் 1ஏ ஏற்பிகள், மாத்திரையால் செரோடோனின் மிகுந்ததும், தொட்டி நிரம்பியதும் மோட்டாரை நிறுத்தும் மிதவையைப் போல, அந்த அணுக்களின் வேகத்தைக் குறைத்துவிடுகின்றன. சில வாரங்களில் அந்த ஏற்பிகள் மந்தமாகித் தடை தளர்கிறது; தாமதத்திற்கு இது ஒரு முக்கியக் காரணம் என்கிறார்கள். 2010இல் அதே ஆய்வகத்தில், இந்த ஏற்பிகள் மிகுந்த எலிகளிடம் மருந்து எடுபடவில்லை, குறைந்தவற்றிடம் எடுபட்டது.

ரமணி சித்தப்பா: தனக்குச் சோர்வு என்று எலி வந்து சொன்னதா?

வித்யா: நியாயமான கேள்விதான், சித்தப்பா. தீனியைக் கடிக்கும் நேரத்தை வைத்து மனிதரின் துயரத்தை அளந்துவிட முடியாது. அப்படியிருக்க, அதே எலியை நம்பி அத்தையை மாத்திரையை நிறுத்தச் சொல்வது எப்படி?

லலிதா பெரியம்மா: உன் அண்ணாவின் சர்க்கரை மாத்திரையையும் வெந்தயத்தைக் காட்டித்தானே நிறுத்த வைத்தாய், ரமணி?

ரமணி சித்தப்பா: அந்தக் கதை இப்போது எதற்கு, மன்னி?

சரோஜா அத்தை: டாக்டர் வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார். அடையாறுக்கு யார் துணைக்கு வருவீர்கள்?

கார்த்திக்: ஆபீஸில் கேட்டுச் சொல்கிறேன், அத்தை.

ரமணி சித்தப்பா: நான் காரில் அழைத்துப் போகிறேன். அந்த 1ஏ ஏற்பியைப் பற்றி அவரிடம் நானே கேட்டுக்கொள்கிறேன்.

வித்யா: வயிற்றுப் புரட்டலை அத்தை சொல்லட்டும், நீங்கள் வெளியே காத்திருந்தால் போதும்.

சரோஜா அத்தை: வியாழன்வரை விழுங்குகிறேன். வளைகாப்பிற்கு வருவதைச் சனிக்கிழமை சொல்கிறேன்.