ஓடிவிட்டு வந்தால் நாள் முழுக்க அசதி: தங்கைக்கு என்ன செய்யலாம்?

எல்லோருக்கும் வணக்கம். என் தங்கை போலீஸ் தேர்வின் உடற்தகுதிச் சுற்றுக்காக விடியற்காலையில் மைதானத்துக்குப் போகிறாள். 400 மீட்டரை நன்றாகத்தான் ஓடுகிறாள். ஆனால் வீட்டுக்கு வந்ததும் சுருண்டு படுத்துவிடுகிறாள். மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் உள்ளே வெளுத்துக் கிடக்கிறது.

பயிற்சி முடிந்ததும் கொஞ்சம் சோர்வு வருவது இயல்புதான். தசையில் சேர்ந்திருக்கும் கிளைக்கோஜன் என்ற சர்க்கரைச் சேமிப்பு குறையும், வியர்வையில் நீரும் உப்பும் போகும். சாப்பிட்டுத் தூங்கினால் தெளிந்துவிடும். இவளுக்குத் தூங்கி எழுந்தும் தீரவில்லை.

ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 9.8 வந்தது. பெண்களுக்கு 12க்குக் கீழே போனாலே ரத்தசோகை என்கிறார்கள். ஆக்சிஜனைத் தசைக்குக் கொண்டுபோவதே ஹீமோகுளோபின்தான், பாவம் பிள்ளை எப்படி ஓடுவாள்! டாக்டர் இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். டீயோடு போட்டால் சத்து சரியாகச் சேராது என்பதால் எலுமிச்சைச் சாற்றோடு கொடுக்கிறேன். வயிற்றைப் புரட்டுகிறது என்கிறாள்.

இதே நிலையில் இருந்து தேர்வுக்குத் தயாரானவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். மாத்திரை எடுத்த காலத்தில் ஓட்டத்தைக் குறைத்தீர்களா, நிறுத்தினீர்களா? பழைய தெம்பு திரும்ப எவ்வளவு நாள் ஆனது? அப்புறம், வெறும் வயிற்றில்தான் கிளம்புகிறாள். அந்த நேரத்தில் வயிற்றுக்குப் பாரமில்லாமல் என்ன கொடுக்கலாம்? ஓய்வெடுத்தால் வேகம் போய்விடும் என்று பயப்படுகிறாள். உங்கள் பதில்களை அவளிடமே காட்டப்போகிறேன்.